குழந்தைப் படத்தில் எதை எடுக்கலாம், எதை விடணும்?

9 நவம்பர் 2025, காலை 7.15 (கேள்வி)

எங்க பாப்பாவுக்கு இன்னிக்கு 47 நாள். ஜன்னல் பக்கம் படுக்க வெச்சு போனில் எடுத்த படம் ஒண்ணு ரொம்ப நல்லா அமைஞ்சிருக்கு, என்னைப் பார்த்து லேசா சிரிக்கிறா. 12×15 போட்டு ஹாலில் மாட்டணும்னு அத்தைக்கு ஆசை. ஆனா மூக்கு மேல வெள்ளை வெள்ளையா புள்ளி, கன்னத்தில் அவளே நகத்தால் கீறிக்கிட்ட கோடு, புருவத்துக்கு மேல செதில், தாடைக்குக் கீழ ஒரே மஞ்சள். போன் ஆப்பில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன், பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆயிடுச்சு. போட்டோஷாப் கொஞ்சம் தெரியும், அதே மாதிரி இலவசமா கிடைக்கிற ஜிம்ப்பும் இருக்கு. டச்சப் தெரிஞ்ச அண்ணன்மார், அக்காமார் யாராவது எங்கே ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

9 நவம்பர், இரவு 9.40

தங்கச்சி, தேனிப் பக்கம் ஸ்டூடியோ வெச்சிருக்கேன். அப்பா காலத்துக் கடை. நான் கம்ப்யூட்டரில் டச்சப்புக்கு உட்கார்ந்தது 2004ல. அன்னையிலிருந்து வாரத்துக்கு நாலு குழந்தைப் படமாவது கைக்கு வருது.

முதலில் எந்த ஃபைலைத் திறக்கிறீங்கன்னு பாருங்க. வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பி, அவர் கம்ப்யூட்டரில் இறக்கினதா இருந்தா அதை மூடிடுங்க. சாதாரணமா அனுப்பினா நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குச் சுருங்கிடும். 15 இஞ்சுக்கு அதைப் பரப்பினா இஞ்சுக்கு நூத்திச் சொச்சம் பிக்சல்தான், கண் இமை கரைஞ்சு போயிடும். போனில் எடுத்த மூலப் படம் 3000×4000 இருந்தா 12×15க்கு வெட்டின பிறகும் இஞ்சுக்கு 250 கிடைக்கும். அது தாராளம். கேபிள் போட்டு எடுங்க, இல்லைன்னா டாக்குமெண்டா அனுப்புங்க.

அப்புறம், படத்து மேலேயே கை வைக்காதீங்க. காலியா ஒரு புது லேயர் (படத்து மேல விரிக்கிற கண்ணாடித் தாள் மாதிரி) போட்டு, ஸ்பாட் ஹீலிங் பிரஷ்ஷில் எல்லா லேயரிலிருந்தும் எடுக்கச் சொல்ற டிக்கைப் போட்டுட்டு, அந்தக் காலி லேயரில் வேலை செய்யுங்க. பிரஷ் புள்ளியை விட ஒரு நூல் பெருசு இருந்தாப் போதும். தேய்க்காதீங்க, ஒரு தட்டு மட்டும். ஜிம்ப்பில் ஹீல் கருவிக்கு எந்த இடத்துத் தோலை எடுக்கணும்னு கன்ட்ரோலை அழுத்தி ஒரு கிளிக் செய்து காட்டணும். கன்னத்துப் புள்ளிக்குக் கன்னத்திலிருந்தே எடுங்க, நெத்தியிலிருந்து எடுத்தா ஒட்டுப் போட்ட துணி மாதிரி தெரியும்.

மஞ்சளுக்கு கலர் பேலன்ஸைத் திறந்து, மஞ்சள்–நீலம் கோட்டை நீலப் பக்கம் அஞ்சாறு தள்ளுங்க. சரியாயிடும்.

9 நவம்பர், இரவு 11.05

ஒண்ணு விட்டுட்டேன். 300 சதவீதத்துக்குப் பெருசாக்கி வெச்சுக்கிட்டு வேலை செய்யாதீங்க. அந்த அளவில் எல்லாக் குழந்தையும் நிலா மாதிரி குழி குழியா தெரியும், கை சும்மா இருக்காது. 100ல வெச்சுப் பாருங்க. அங்கே கண்ணை உறுத்தாதது சுவரிலும் உறுத்தாது.

10 நவம்பர், காலை 6.50

நேத்து மஞ்சளைப் பத்தி அவசரப்பட்டு எழுதிட்டேன். இப்போ நீங்க போட்டிருக்கிற படத்தைப் பார்த்தேன். பாப்பாவைப் போர்த்தியிருக்கிறது மாம்பழக் கலர் டவல். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறிச்சு தாடைக்குக் கீழயும் காது மடலிலும் விழுந்திருக்கு. நெத்தி சரியாத்தான் இருக்கு. நான் சொன்ன மாதிரி படம் முழுக்க நீலத்தைத் தள்ளினா தாடை சரியாகும், நெத்தி சாம்பல் பூத்துடும்.

ஹியூ–சாச்சுரேஷன் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைப் போட்டு, மஞ்சளை மட்டும் எடுத்துக்கிட்டு செறிவை 20, 25 குறைங்க. அந்த லேயரோட மாஸ்க்கைக் (மாத்தம் எங்கே தெரியணும்னு காட்டுற திரை; கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்) கறுப்பாக்கிட்டு, ஓரம் மெத்துன்னு இருக்கிற வெள்ளை பிரஷ்ஷால் தாடையிலும் காதிலும் மட்டும் தடவுங்க. அடுத்த முறை வெள்ளைத் துண்டு போடுங்க, இந்த வேலையே வராது.

10 நவம்பர், காலை 7.10

மஞ்சள்னதும் இதையும் சொல்லியாகணும். வெள்ளைத் துணி வெள்ளையாவே இருந்து குழந்தை மட்டும் மஞ்சளா இருந்தா அது கேமரா கோளாறு இல்லை. பிறந்து ரெண்டு வாரம் தாண்டியும் தோலோ கண்ணின் வெள்ளையோ மஞ்சளா இருந்தா டாக்டர்கிட்டக் காட்டணும். எங்க கடைக்கு வந்த ஒரு படத்தில் இருபத்தஞ்சு நாள் குழந்தை, படுத்திருந்தது வெள்ளை வேட்டி மேல. வேட்டியைச் சரியான வெள்ளைக்குக் கொண்டுவந்த பிறகும் கண் எலுமிச்சை நிறத்தில் இருந்தது. அந்த அப்பாகிட்ட "படத்தை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு சொன்னேன். போனார். பிள்ளை நல்லா இருக்கான், இப்போ பள்ளிக்கூடம் போறான்.

உங்க பாப்பா கண் வெள்ளை பளிச்சுன்னு இருக்கு. கவலை வேண்டாம்.

11 நவம்பர், இரவு 10.20

மூக்கு மேல இருக்கிற வெள்ளைப் புள்ளி நிறையப் பச்சைக் குழந்தைக்கு வரும், தானாவே உதிர்ந்துடும். செதிலும் அப்படித்தான். நகக் கீறல் மூணு நாளில் காணாமப் போயிடும். (குழந்தை நகம் பார்க்கப் பூ, பட்டா பிளேடு.) தொழிலில் பழைய கணக்கு ஒண்ணு உண்டு: ஒரு வாரத்தில் தானாப் போறதை நாமும் எடுக்கலாம், கூடவே வளர்றதைத் தொடக் கூடாது. மச்சம், பிறவித் தழும்பு, பிடரியில் வர்ற சிவப்பு, முதுகுக்குக் கீழ நம்ம பிள்ளைகளுக்கு வர்ற நீலத் திட்டு, இதையெல்லாம் அம்மா அப்பா கேட்டா ஒழிய நான் தொடுறதில்லை. கேட்டாலும் ஒரு தரம் திருப்பிக் கேட்பேன்.

உங்க ஆப் என்ன செஞ்சதுன்னா, தோல்னு அதுக்குத் தோணின இடத்தையெல்லாம் மங்க அடிச்சுடுச்சு. உங்க மூலப் படத்தில் ஜன்னல் பக்கக் கன்னத்தின் ஓரத்தை 100ல வெச்சுப் பாருங்க. பூனைமுடி வரிசையா நிக்குது, ஒவ்வொரு முடி நுனியிலும் வெளிச்சம். காதுக்கு முன்னால அது சுழிச்சுக்கிட்டுப் போறதுகூடத் தெரியுது. பெரியவங்க தோலுக்குப் பொருந்துற மங்கல் வேலை குழந்தைக்கு ஆகாது, இந்தப் பூனைமுடிதான் குழந்தைத் தோலுக்கு அந்த மெத்துத்தன்மையைக் கொடுக்குது. அது போனா மீதி இருக்கிறது மெழுகு.

சிவப்புத் திட்டுக்கும் அதே ஹியூ–சாச்சுரேஷன் வழிதான். சிவப்பை மட்டும் எடுத்து ஹியூவை மஞ்சள் பக்கம் நாலஞ்சு, செறிவைப் பத்து குறைச்சு, மாஸ்க்கில் திட்டின் மேல மட்டும். உதட்டில் படாமப் பார்த்துக்குங்க. பட்டா குளிரில் நடுங்கிற குழந்தை மாதிரி ஆயிடும்.

12 நவம்பர், மதியம் 2.30

திருஷ்டிப் பொட்டு!

நேத்து எழுதும்போது இது எப்படி மனசுக்கு வராமப் போச்சுன்னு தெரியலை. உங்க பாப்பாவுக்கு இடது கன்னத்தில் பொட்டு இருக்கு. ஆப் கொடுத்த படத்தில் அது இல்லை. அந்த ஆப்புக்கு அது பரு, கறை.

நானும் அதே தப்பைச் செஞ்சவன். 2006ன்னு நினைக்கிறேன், கையில் போட்டோஷாப் 7. ஹீலிங் பிரஷ் முதல்முதலா வந்ததே 2002ல வந்த அந்தப் பதிப்பில்தான். அதுக்கு முன்னால குளோன் ஸ்டாம்ப்பை வெச்சுக்கிட்டு ஒரு புள்ளிக்கு அஞ்சு நிமிஷம் மல்லாடணும். குளோன் பண்ணினா எடுத்த இடத்து நிறமும் வெளிச்சமும் அப்படியே வந்து ஒட்டும். ஹீலிங் பிரஷ் தோலின் நெசவை மட்டும் எடுத்துக்கிட்டு, நிறத்தை வைக்கிற இடத்துக்கே பொருத்திடும். புது ஆயுதம் கிடைச்ச வேகத்தில் அஞ்சு மாசக் குழந்தை ஒண்ணோட முகத்தை அப்படியே துடைச்சு எடுத்தேன், கன்னத்துப் பொட்டோட சேர்த்து.

படத்தை வாங்க வந்தது பாட்டி. கவரைப் பிரிச்சுப் பார்த்தாங்க, கொஞ்ச நேரம் பேசலை. "கன்னம் மொட்டையா இருக்கே, பிள்ளைய இப்படியா ஊர் கண்ணுல வெக்கிறது?"ன்னாங்க. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு சின்னக் கொட்டாங்குச்சியை எடுத்தாங்க. ஜவ்வரிசியைக் கருக வறுத்துக் காய்ச்சி, அடியில் ஊத்திக் காய வெச்ச சாந்து. விரலை நாக்கில் தொட்டு, சாந்தில் தேய்ச்சு, படத்தில் கன்னத்து மேலேயே வெச்சாங்க. பளபளப்புத் தாளில் அது ஒட்டலை. பாதரசம் மாதிரி திரண்டு, தாளைச் சாய்ச்சதும் வாய் வரைக்கும் ஓடிச்சு. முந்தானையில் துடைச்சுட்டு மறுபடி வெச்சாங்க. மறுபடியும் ஓடிச்சு. நான் கையெடுத்துக் கும்பிட்டு, "பாட்டி, பத்து நிமிஷம் உட்காருங்க"ன்னு சொல்லி, பழைய ஃபைலைத் திறந்து பொட்டோட இன்னொரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டு, அந்தப் பிரிண்டுக்கும் ஒரு தரம் நெட்டி முறிச்சுட்டுத்தான் போனாங்க.

அதனால, தங்கச்சி, பொட்டைச் சுத்தி ஒரு செலக்‌ஷன் போட்டு வெச்சுக்குங்க. பிரஷ் தவறி அந்தப் பக்கம் போனாலும் உள்ளே நுழையாது.

12 நவம்பர், மதியம் 2.45

செலக்‌ஷனைத் தலைகீழாக்கணும், இன்வர்ஸ். அப்படியே விட்டா பொட்டுக்குள்ள மட்டும்தான் பிரஷ் வேலை செய்யும். நல்லவேளை, உடனே கண்ணில் பட்டுச்சு.

14 நவம்பர், இரவு 9.15

அப்பா எப்படி டச்சப் செஞ்சார்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செஞ்ச 'இந்து' சரக்கெல்லாம் ஓடின காலம். நெகட்டிவ்வை ஒரு சாய்வுப் பலகையில், தேய்ச்ச கண்ணாடி மேல வெச்சு, அடியில் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்ச்சு ஜன்னல் வெளிச்சத்தை மேல ஏத்துவார். பென்சில் ஒட்டுறதுக்காக நெகட்டிவ் மேல ஒரு மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தடவுவார். பென்சில் முனை உப்புத்தாளில் உரசி ஊசி மாதிரி இருக்கும். கோடு இழுக்க மாட்டார், கமா போடுற மாதிரி சின்னச் சின்ன வளைவா வெச்சுக்கிட்டே போவார். நெகட்டிவ்வில் பென்சில் பட்ட இடம் அடர்த்தியாகும், பிரிண்டில் வெளுப்பாகும். அதனால பென்சிலால் கறுப்பை வெளுப்பாக்க முடியும், வெளுப்பைக் கறுப்பாக்க முடியாது. அதுக்குக் கத்தியால் சுரண்டணும், இல்லைன்னா பிரிண்டில் மை தொட்டு வைக்கணும். ஒரு குழந்தை முகத்துக்குக் கால் மணி நேரம்னா அதில் முக்கால்வாசி பார்க்கிறதுதான், கை படுறது கொஞ்சம். இப்போ நமக்கு ஒரு தட்டில் வேலை முடியுது, பார்க்கிற நேரம்தான் குறைஞ்சு போச்சு.

குப்புறப் படுக்க வெச்சு, தலையைத் தூக்கும்போது எடுக்கிற அந்தப் படம் எங்க ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் உண்டு. பொம்பளப் பிள்ளை இல்லாத வீட்டில் பையனுக்கே பூ வெச்சுப் பின்னல் போட்டு ஒரு படம் எடுப்பாங்க. அதில் ஒருத்தர் இன்னிக்கு எங்க ஊரில் பெரிய மீசைக்காரர். அந்த நெகட்டிவ் எங்கிட்ட இருக்குன்னு அவருக்குத் தெரியும், பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுக்கிறார்.

15 நவம்பர், காலை 8.00

கறுப்பு வெள்ளையா மாத்தலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா. ஒரு நுணுக்கம்: பிளாக் அண்ட் ஒயிட் லேயரில் சிவப்புக் கோட்டை ஏத்துங்க. சிவப்புத் திட்டும் கீறலும் சிவப்புச் சேனலில் கிட்டத்தட்ட தெரியாது, பிரஷ்ஷைத் தொடாமலேயே தோல் தெளிஞ்சுடும். பொட்டு கறுப்பு, அதனால அப்படியே நிக்கும். உதடும் சேர்ந்து வெளுக்கும், அதை மாஸ்க் போட்டுக் காப்பாத்துங்க.

16 நவம்பர், இரவு 10.50

ஒரு தம்பி, குழந்தை ரெண்டு கையிலும் தாடையை வெச்சுக்கிட்டுத் தூங்குற மாதிரி வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துட்டு, தன் மகனை அப்படி உட்கார வைக்கிறது எப்படின்னு கேட்டிருக்கார். தம்பி, தயவு செய்து வேண்டாம். அந்தப் படத்தில் குழந்தை தானா உட்காரலை. ஒரு படத்தில் ஒருத்தர் தலையைப் பிடிச்சிருப்பார், இன்னொரு படத்தில் மணிக்கட்டைப் பிடிச்சிருப்பார். ரெண்டையும் சேர்த்துப் பிடிச்ச கையை அழிச்சிருப்பாங்க. பச்சைப் பிள்ளையின் கழுத்து அந்தத் தலையைத் தாங்காது. ஒரு நொடிகூடக் கையை விடக் கூடாது.

இது புதுசும் இல்லை. 1800களில் ஒரு படத்துக்குப் பல நொடி ஆடாம இருக்கணும்கிறதால, மேலைநாட்டு ஸ்டூடியோக்களில் அம்மா தலையோட துணி போர்த்திக்கிட்டு நாற்காலி மாதிரி உட்கார்ந்திருப்பாங்க, மடியில் குழந்தை. உத்துப் பார்த்தா துணிக்குள்ள தோளும் கையும் தெரியும்.

18 நவம்பர், மதியம் 1.10

பாஸ்போர்ட் படத்துக்கும் இதையே செய்யலாமான்னு கேட்டவருக்கு: கூடாது. கம்ப்யூட்டரில் மாத்தின படம் செல்லாது. வெள்ளை விரிப்பில் படுக்க வெச்சு, நிழல் விழாம மேலே இருந்து எடுங்க, கண் திறந்திருக்கணும். 35×45 மில்லிமீட்டர்.

20 நவம்பர், இரவு 11.30

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

"கொஞ்சம் கலரா ஆக்கிக் கொடுங்க"ன்னு கேட்காத வீடு குறைவு. கலர்னா சிவப்பு. மாநிறத்தை ஏத்தணும். கர்வ்ஸில் ஒரு இழுப்பு, செறிவில் ஒரு குறைப்பு, அரை நிமிஷ வேலை, கேட்டவங்களுக்கு சந்தோஷம். பல வருஷம் கேட்காமலேயே செஞ்சேன். எங்களுக்கு முன்னாலேயே இந்தக் கோணல் மிஷினுக்குள்ள இருந்தது. 1950களில் கோடாக் லேப்களுக்கு நிறம் சரிபார்க்கக் கொடுத்த அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவங்க தோல் சரியா வந்தா எல்லாம் சரின்னு கணக்கு. நம்ம பிள்ளைங்க அதில் இருட்டா வந்தாங்க. அப்போ வெளிச்சத்தை ஏத்தினது நியாயம். ஆனா வெளிச்சத்தை ஏத்துறதும் நிறத்தை மாத்துறதும் வேற வேற. எங்க கை ரெண்டாவதுக்குப் பழகிப் போச்சு.

என் மக பிறந்தது 2009ல. மூணாம் மாசம் நானே எடுத்த படத்தை நானே டச்சப் செஞ்சேன். அப்படியே ஜேபெக்கில் சேவ் கொடுத்தேன், பழைய ஃபைல் மேலேயே. அன்னிக்கு எனக்கு அது அழகா இருந்தது. இப்போ அவளுக்குப் பதினாறு, என் அம்மா நிறம், அந்தக் கருங்கல் மாதிரி மினுமினுப்பு. ஹாலில் மாட்டியிருக்கிற படத்தில் ரோஜா நிறத்தில் ஒரு குழந்தை. மூணு மாசத்தில் என் மக எந்த நிறத்தில் இருந்தாள்னு காட்ட எங்கிட்ட ஒரு படம் இல்லை. ஊரில் உள்ள பிள்ளைங்க படமெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன்.

கலர் கேட்டு வர்றவங்ககிட்ட இப்போ ரெண்டு பிரிண்ட் காட்டுறேன், வெளிச்சம் மட்டும் சரி செஞ்சது ஒண்ணு, அவங்க கேட்டது ஒண்ணு. முக்கால்வாசிப் பேர் முதல் பிரிண்டைத்தான் எடுக்கிறாங்க. மீதிப் பேருக்கு ரெண்டாவதோட மூல ஃபைலையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துடுறேன்.

23 நவம்பர், மாலை 5.40

போன பதிவைப் படிச்சுட்டு என் தங்கச்சி போன் செஞ்சாள். அவ வீட்டு பீரோ கதவின் உள்பக்கம் அந்தப் படம் ஒட்டியிருக்காம், 4×6. டச்சப்புக்கு முந்தி லேபில் போட்டு அவளுக்கு அனுப்பின காப்பி. எனக்கு மறந்தே போச்சு.

இன்னிக்குப் போய் வாங்கிட்டு வந்தேன். செலோ டேப் ஒட்டின மூலை பழுத்திருக்கு, மத்தபடி நல்லா இருக்கு. ஸ்கேன் செஞ்சு திறந்தேன். கொஞ்சம் சிவப்பாத்தான் தெரிஞ்சுது. ஆனா அதையும் அப்படியே நம்ப முடியாது, லேப் மிஷினும் தன் கணக்குக்கு நிறத்தைத் திருப்பியிருக்கும். அப்புறம்தான் கவனிச்சேன், தலைக்கு அடியில் என் வீட்டுக்காரம்மாவோட கை இருக்கு. நான் மாட்டின படத்தில் அந்தக் கையை வெட்டிட்டேன். அவளை சிஸ்டம் பக்கத்தில் உட்கார வெச்சு, கையை ஸ்கிரீன் ஓரமா பிடிக்கச் சொல்லி, படத்தில் இருக்கிற கை அந்தக் கை நிறத்துக்கு வர்ற வரைக்கும் சிவப்பையும் மஞ்சளையும் நகர்த்தினேன். பதினாறு வருஷத்தில் கையும் கொஞ்சம் மாறியிருக்கும். ஆனா கை சரியானதும் குழந்தையும் கூடவே சரியா வந்து நின்னாள். பொன்னும் மண்ணும் கலந்த நிறம்.

இடது கண்ணுக்குக் கீழ ஒரு கீறல். அதையும் நான் அன்னிக்கு எடுத்திருக்கேன். அதுக்கு முந்தின ராத்திரி கரண்ட் இல்லை, செல்போன் வெளிச்சத்தில் நாங்க ரெண்டு பேரும் அவ நகத்தை வெட்டப் பயந்து வெட்டாம விட்டுட்டோம். விடிஞ்சு பார்த்தா அந்தக் கோடு.

11ஆம் தேதி நான் சொன்ன கணக்கில் இதைச் சேர்த்துக்குங்க. ஒரு வாரத்தில் தானாப் போறது மறுபடி வராது. பெரிய படத்தில் எடுங்க, ஒரு சின்ன பிரிண்ட் எதையும் எடுக்காமப் போட்டு வையுங்க. யாராவது ஒருத்தர் கை அந்தப் படத்தில் இருக்கட்டும்.

24 நவம்பர், இரவு 9.20

தங்கச்சி, நீங்க அனுப்பின பிஎஸ்டி ஃபைலைப் பார்த்தேன். மூக்குப் புள்ளியும் செதிலும் சுத்தமா போயிருக்கு, பூனைமுடி அப்படியே இருக்கு. கீறலை முழுக்க எடுக்காம அந்த லேயரைப் பாதி மங்கலா வெச்சிருக்கீங்க, எனக்கு அது தோணியிருக்காது. காது மடலின் பின்பக்கம் இன்னும் மஞ்சள் ஒட்டியிருக்கு, மாஸ்க்கில் ஒரு தடவு தடவுங்க. பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் கேளுங்க, ஹாலில் டியூப்லைட் எதிரொளிக்காது.

அப்புறம், பொட்டின் கீழ் ஓரம் கொஞ்சம் கரைஞ்சிருக்கு. செலக்‌ஷன் போடுறதுக்கு முந்தி பிரஷ் பட்டிருக்கும். ஹீலிங் செஞ்ச லேயருக்குப் போய், ரப்பரை எடுத்து அந்த இடத்தை மட்டும் அழிங்க. பொட்டு அடியில்தான் இருக்கு, முழுசா வந்துடும்.